"உங்கூட்டு அணை இன்னைக்கு எத்தனை அடி?" - மூலனூரிலிருந்து அமராவதிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

திங்கட்கிழமை காலையில் பத்திர ஆபீஸில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு முன்பே எழுந்து தலைக்குக் குளித்து, பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார் அந்த 76 வயது அமுச்சி. கொங்குப் பக்கம் அம்மாவைப் பெற்றவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அம்மாவின் அப்பா, அப்புச்சி.

"கையெழுத்துப் போடமாட்டேன்னு நான் சொல்லலை. அதுக்கு மிந்தி ஒருக்கா அந்த அணையக் காட்டிட்டு வந்துருங்க."

மகனிடம் அவர் வைத்த ஒரே நிபந்தனை இதுதான். மகனுக்கு அன்றைக்கு வேறு வேலை. அதனால் பொறுப்பு, திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் 24 வயதுப் பேத்தியின் தலையில் விழுந்தது. சனிக்கிழமை வாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ராத்திரி பஸ் பிடித்து மூலனூர் வந்திருந்தாள். அவளுக்கு அமராவதி அணை என்றால் முதலைப் பண்ணை, பொரித்த மீன், மலையைப் பின்னால் வைத்து நாலு போட்டோ, ஒரு ரீல்ஸ். அமுச்சிக்கு அந்த அணை என்னவாக இருந்தது என்று அன்று காலை வரைக்கும் அவளுக்குத் தெரியாது.

தண்ணீர் இல்லாத ஊர்

திருப்பூர் மாவட்டத்தில், தாராபுரத்திலிருந்து கரூர் போகும் சாலையில் இருக்கிறது மூலனூர். பருத்தி ஏலத்துக்கும் முருங்கைக்காய்க்கும் பேர்போன ஊர். இரண்டுமே அதிகம் தண்ணீர் கேட்காத பயிர்கள் என்பதைக் கவனித்தாலே ஊரின் நிலைமை புரிந்துவிடும். வானம் பார்த்த பூமி.

இந்தப் பக்கத்துக்கே உரிய ஒன்று கொறங்காடு. முள்கிளுவையை நெருக்கி நட்டு உயிர்வேலி போட்ட மேய்ச்சல் நிலம். உள்ளே கொழுக்கட்டைப் புல் முளைக்கும். ஆங்காங்கே நிற்கும் வெள்வேல மரங்கள் நிழலும் காயும் கொடுக்கும். ஒரு மழை பெய்தால் போதும், புல் தலைகாட்டிவிடும். காங்கேயம் மாடுகளும் ஆடுகளும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது இந்தக் காடுகளில்தான்.

அமுச்சியின் பெயரில் இருப்பது மூன்றரை ஏக்கர். அதில் இரண்டு ஏக்கர் கொறங்காடு. மீதி ஒன்றரை ஏக்கருக்குப் பெயர் தோட்டம். பெயரில் மட்டும்தான் தோட்டம். ஒரு வறண்ட கிணறும், மூடி போட்ட ஆறு போர்க்குழிகளும் இருக்கின்றன. கடைசிக் குழி 900 அடி. புகைதான் வந்தது. நாலாவது போருக்கு அமுச்சியின் அட்டிகை போனது.

அந்த மூன்றரை ஏக்கரையும் சோலார் போட ஒரு பார்ட்டி கேட்டிருந்தது. மாமன் பேசி முடித்துவிட்டார். கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கில் பேத்தியின் கல்யாணத்துக்கு நகை போடுவதாகவும் பேச்சு.

செய்தித்தாளில் ஒரு மூலை

தாராபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அமுச்சி பேச ஆரம்பித்தார்.

அவர் பிறந்தது குமரலிங்கம் பக்கம். அமராவதி ஆற்றங்கரை. அங்கே வாய்க்கால், நெல், தென்னை. வீட்டுக்குப் பின்னாலேயே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். 1968-ல் மூலனூருக்கு வாக்கப்பட்டு வந்தபோது, முதல் நாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடந்தார் என்பதை இன்றும் கைகாட்டிச் சொல்கிறார்.

"தண்ணியில்லாத காட்டுல கொண்டாந்து தள்ளிட்டீங்கன்னு உங்கப்புச்சிய நான் சொல்லாத நாளில்லை, கண்ணு."

அப்புச்சி அதற்குப் பதில் சொல்லமாட்டாராம். காலையில் டீக்கடையில் பேப்பர் பார்த்துவிட்டு வந்து, அடுப்படி வாசலில் நின்று ஒரே ஒரு செய்தியை மட்டும் சொல்வாராம்.

"உங்கூட்டு அணை இன்னைக்கு அறுவத்திரண்டு அடி."

தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் அணைகளின் நீர்மட்டம் ஒரு மூலையில் வரும். மேட்டூர், பவானிசாகர் வரிசையில் அமராவதியும் இருக்கும். தன் காட்டுக்கு ஒரு சொட்டுக்கூட வராத அணையின் கணக்கை அந்த மனிதர் ஐம்பது வருஷம் மனப்பாடமாக வைத்திருந்தார். 'உங்கூட்டு அணை' என்றால் 'உன் பிறந்த வீட்டு அணை'. மனைவியைக் கிண்டல் செய்கிறாரா, தன் விதியை நொந்துகொள்கிறாரா என்று அமுச்சிக்குக் கடைசி வரை தெரியவில்லை.

"போர்ல தண்ணி வந்துச்சுன்னா உன்னை ஒருக்கா அணைக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு. ஆறு போர் போட்டாரு. ஒண்ணுலயும் வல்லை. அவரும் போய்ச் சேர்ந்துட்டாரு."

"பொறந்த ஊரு அவ்வளவு பக்கமுங்களே அமுச்சி. சின்ன வயசுல பாக்கலைங்களா?"

"அணை கட்டி முடிச்சப்ப எனக்கு எட்டு வயசு. எங்கய்யன் வண்டி கட்டிட்டுப் போய்ப் பாத்துட்டு வந்தாரு. பொட்டப்புள்ளைகளை ஆரு கூட்டிட்டுப் போனாங்க?"

ஆன்பொருநை என்கிற அமராவதி

தாராபுரத்தில் பஸ் மாறி உடுமலை. வழி நெடுக காற்றாலைகள். உடுமலையை நெருங்க நெருங்க தென்னந்தோப்புகள். அங்கிருந்து மூணாறு சாலையில் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று கண்டக்டர் சொன்னதும், "போறதுக்கும் வர்றதுக்குமா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார் அமுச்சி.

அவர்கள் பார்க்கப் போன ஆறு சாதாரண ஆறு இல்லை. சங்க இலக்கியத்தில் ஆன்பொருநை என்று வருவது இந்த அமராவதிதான். சேரர்களின் தலைநகரான கருவூர் இதன் கரையில் இருந்தது. கரூர்ப் பகுதியில் ஆற்று மணலிலிருந்து ரோமானியக் காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. கரூருக்கு அப்பால் திருமுக்கூடலூரில் காவிரியோடு கலக்கிறது.

ஆற்றை மறித்து வாய்க்கால் வெட்டுவதும் கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. பவானி ஆற்றில் காளிங்கராயன் வாய்க்கால் 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அமராவதியிலும் அணை வருவதற்கு வெகுகாலம் முன்பே ராஜவாய்க்கால்கள் இருந்தன. கல்லாபுரம், ராமகுளம், குமரலிங்கம், கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என ஒவ்வொரு வாய்க்காலும் ஓர் ஊர்ப் பெயரைச் சுமக்கிறது. அமுச்சி கேட்டு வளர்ந்த தண்ணீர்ச் சத்தம் அதில் ஒன்றின் சத்தம்தான்.

காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில், 1957-ல் உடுமலைக்குத் தெற்கே ஆனைமலை அடிவாரத்தில் அணை எழுந்தது. கேரளாவில் கிழக்கு நோக்கிப் பாயும் ஆறுகள் மூன்றே மூன்று. கபினி, பவானி, பாம்பாறு. அந்தப் பாம்பாறும் சின்னாறும் தேனாறும் வந்து சேரும் இடம் இந்த நீர்த்தேக்கம். மூணாறு, மறையூர் பக்கத்து மலைகளில் மழை பிடித்தால் இங்கே மட்டம் ஏறும்.

அணையை ஒட்டி உருவான சின்ன ஊர் அமராவதி நகர். 1962-ல் தொடங்கிய சைனிக் பள்ளி இங்கேதான் இருக்கிறது. அணையடியில் பூங்கா, கொஞ்ச தூரத்தில் முதலைப் பண்ணை, வரிசையாக மீன் கடைகள். கொடைக்கானல், ஊட்டி மாதிரி கூட்டம் அள்ளும் இடம் இல்லை. சுற்று வட்டாரக் குடும்பங்கள் சோறு கட்டிக்கொண்டு வந்து, ஒரு பகல் இருந்துவிட்டுப் போகும் இடம்.

படியேறியபோது

பூங்காவிலிருந்து அணையின் மேலே போக செங்குத்தான படிகள். அமுச்சிக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை.

"கீழயே உக்காந்துக்கலாங்களா அமுச்சி? நான் மேல போய் வீடியோ எடுத்துட்டு வந்து காட்டறேன்."

"உன்ற போன்ல பாக்கவா நான் மூணு பஸ் மாறி வந்தேன்?"

பத்துப் படி ஏறுவது, நிற்பது, மறுபடி பத்துப் படி. பேத்தி ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, மறு கையால் முழங்காலை அழுத்திக்கொண்டு ஏறினார். மேலே வந்ததும் காற்று முகத்தில் அடித்தது. ஒரு பக்கம் ஆனைமலை, அதன் மடிப்புகள் வரைக்கும் தண்ணீர். மறு பக்கம் தாழ்வாரத்தில் பச்சைப் பசேலென்று வயல், தென்னை, அதற்கு அப்பால் வெளிறிப்போன சமவெளி.

ஆவணி மாதம். மொத்தம் 90 அடிக்கு இன்னும் சில அடிகள்தான் பாக்கி.

அமுச்சி ரொம்ப நேரம் பேசவில்லை. பேத்தி போனை எடுத்தவள் மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் தினமும் கம்பெனிக்குப் போகும் வழியில் பார்க்கும் ஆறு நொய்யல். அந்த ஆற்றில் 1992-ல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, விவசாயத்துக்குத் தண்ணீர் தருவதற்குப் பதிலாகச் சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு விஷயம் முற்றியது. ஆறு என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைத் தாண்டுவது என்று பழகியவளுக்கு, இவ்வளவு தண்ணீர் வாசமே இல்லாமல் கிடப்பது புதிதாக இருந்தது.

பெரியவர் சொன்ன கணக்கு

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார் தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர். கணியூர்ப் பக்கம், ராஜவாய்க்கால் விவசாயி. மட்டம் பார்க்க வந்தாராம்.

"பேப்பர்லதான் போடறாங்களேங்க?" என்றாள் பேத்தி.

"கண்ணுல பாத்தாத்தான் அம்மிணி மனசு ஆறுது."

அமுச்சி மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். ஐம்பது வருஷமாக உள்ளே கிடந்த கேள்வி அது.

"ஏனுங், இத்தனை தண்ணி கெடக்குது. எங்க மூலனூர்ப் பக்கம் ஏன் வல்லீங்க? எங்கூட்டுக்காரரு காலம் பூரா காத்துட்டே இருந்தாரு. அங்கங்க போய்ச் சொல்லி, சண்டை போட்டு வாங்கியிருக்கோணுமோ? அவருக்கு அந்தத் துப்பு இல்லாமப் போயிருச்சோ?"

பெரியவர் சிரிக்கவில்லை. விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார்.

அணை நிரம்பினால் மொத்தம் நாலு டி.எம்.சி.தான். இதை நம்பி சுமார் 55 ஆயிரம் ஏக்கர் இருக்கிறது. ராஜவாய்க்கால் பாயும் பழைய ஆயக்கட்டு 29 ஆயிரம் ஏக்கருக்கு மேல். பிரதான கால்வாய் பாயும் புது ஆயக்கட்டு 25 ஆயிரம் ஏக்கர் சொச்சம். அதற்கு மேல் கரூர் வரைக்கும் கரையோர ஊர்களின் குடிதண்ணீர்.

"இருக்கறவங்களுக்கே முறை வெச்சுத்தானுங்க வுடறாங்க. மழை ஏமாத்துன வருசம், நட்ட பயிரு காயுது, உசுர்த்தண்ணி வுடுங்கன்னு நாங்களே போய் நிக்கறோம். கால்வாய்க் கடைசில இருக்கறவன் பாடு இன்னும் மோசம். இதுல மூலனூருக்கு எங்கிருந்துங்க கொடுப்பாங்க? ஆரு சண்டை போட்டாலும் நாலு டி.எம்.சி. அஞ்சாகாதுங்க அக்கா."

அமுச்சி தண்ணீரைப் பார்த்தார். பிறகு கீழே பச்சை முடிந்து வெளிறிய நிலம் தொடங்கும் இடத்தைப் பார்த்தார்.

"அப்ப அவரு மேல தப்பில்லை."

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காற்றில் தூசி விழுந்திருக்கும் என்று பெரியவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதலையும் மீனும்

இறங்குவதுதான் ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. பிறகு முதலைப் பண்ணை. இந்த நீர்த்தேக்கத்திலும் இதில் வந்து சேரும் ஆறுகளிலும் சதுப்புநில முதலைகள் இயற்கையாகவே வாழ்கின்றன. 1970-களின் நடுவில், கரையோரம் கிடக்கும் முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்து வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்டது இந்தப் பண்ணை.

வாயைப் பிளந்துகொண்டு கல் மாதிரிக் கிடந்தன முதலைகள். கோபத்தில் இல்லை, உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்வதற்காக அப்படிக் கிடக்கும்.

"உசுரோட இருக்குதா, பொம்மையா?" என்று அமுச்சி கேட்ட நேரத்தில் ஒன்று வாலை அசைக்க, பக்கத்தில் நின்ற குழந்தைகள் அலறிச் சிரித்தன. அமுச்சியும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைத்தான் பேத்தி போட்டோ எடுத்தாள். அன்றைக்கு எடுத்த ஒரே போட்டோ.

அமராவதி என்றால் ஜிலேபிக் கெண்டை. மசாலா தடவி எண்ணெயில் போட்டு எடுத்த சூட்டோடு, வெங்காயம் வைத்துத் தருகிறார்கள். இரண்டு பேரும் ஒரு தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அமுச்சி கேட்டார்.

"உங்க மாமனுக்குப் போன் போடு."

ஸ்பீக்கரில் மாமன் குரல் வந்தது. அமுச்சி சுற்றி வளைக்கவில்லை.

"நாளைக்கு வர்றேன், கையெழுத்தும் போடறேன். தோட்டத்து ஒண்ணரை ஏக்கரை மட்டும் எழுது. கொறங்காடு எம் பேர்லயே இருக்கட்டும்."

"அம்மா, பார்ட்டி மொத்தமாத்தானே கேக்கறாங்க. அதுல என்ன வருமானம் இருக்குது? புல்லும் முள்ளும்."

"அது ஒரு நாளும் என்கிட்டத் தண்ணி கேக்கலை, சாமி. வர்ற மழைக்கு முளைச்சுது, ஆடு மேஞ்சுது, உங்களை எல்லாம் படிக்க வெச்சுது. உங்கப்பன் வராத தண்ணிக்குக் குழி தோண்டுன எடத்தைத்தான் நான் குடுக்கறேன். அவரு மேல இருந்த கோவமும் அதோட போகட்டும்."

மாமன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ராத்திரி பார்ட்டிகிட்டப் பேசிப் பாக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

பேத்திக்கு என்று பேசியிருந்த நகையில் பாதிக்கு மேல் அந்த ஒரு போன் பேச்சில் போயிருக்கும். அது இருவருக்கும் தெரியும். அவள் எதுவும் சொல்லவில்லை. மீனில் முள்ளைப் பிரித்து எடுத்துவிட்டு, சதையை அமுச்சி பக்கம் தள்ளி வைத்தாள்.

நீங்களும் போகலாம்

உடுமலைப்பேட்டையிலிருந்து அமராவதி அணை சுமார் 25 கி.மீ. மூணாறு சாலையில் போய்ப் பிரிய வேண்டும். உடுமலைப்பேட்டைக்கு திண்டுக்கல் - பாலக்காடு பாதையில் ரயில் வசதி உண்டு. மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்து, அணையில் தண்ணீர் இருக்கும் மாதங்கள் பார்க்க அழகு. கோடையில் மட்டம் நன்றாக இறங்கிவிடும். பூங்கா, முதலைப் பண்ணை நேரங்களையும் படகு ஓடுகிறதா என்பதையும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நீர்த்தேக்கத்தில் முதலைகள் இருக்கின்றன. குளிக்கவோ, காலை நனைக்கவோ இறங்காதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். நேரமிருந்தால் அதே நாளில் திருமூர்த்தி மலைக்கும் போய், அமணலிங்கேஸ்வரர் கோயிலையும் திருமூர்த்தி அணையையும் பார்த்துவிட்டு வரலாம். வயதானவர்களோடு போனால் ஓரிடம் போதும். அவர்கள் நின்று பார்க்கும் வரைக்கும் காத்திருங்கள்.

திங்கட்கிழமை

பார்ட்டி முதலில் முறுக்கிக்கொண்டு, பிறகு தோட்டத்தை மட்டும் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. விலை கொஞ்சம் குறைந்தது. அமுச்சி கையெழுத்துப் போட்டுவிட்டு, நேராகக் கொறங்காட்டுக்குப் போய் ஆட்டை அவிழ்த்துவிட்டார்.

பேத்தி மறுநாள் காலை திருப்பூரில் ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது, போனில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு மூலனூருக்குக் கூப்பிட்டாள். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"அமுச்சி, உங்கூட்டு அணை இன்னைக்கு எம்பத்தஞ்சு அடிங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நாளைக்கும் சொல்லு, கண்ணு" என்றார் அமுச்சி.